அப்பாவிடம் கேட்டீர்களா? – சிஸ்டர் பதில்கள்

(பதில் சொல்பவர் அரசு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர், பழைய வண்ணாரப்பேட்டைவாசி. ஆஸ்பத்திரியில் யார் பேச்சு எடுபட வேண்டும் என்பதைச் சுற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

அப்பாவுக்கு 61 வயது. காசிமேட்டில் லாஞ்சு இன்ஜின் மெக்கானிக். சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்று போனோம். எண்டோஸ்கோப்பி, சதை டெஸ்ட் எல்லாம் முடிந்து, உணவுக்குழாயில் கேன்சர் என்கிறார்கள். அப்பாவிடம் ‘அல்சர்’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் மனுஷன் ஒடிந்துவிடுவார் என்று அண்ணன் எடுத்த முடிவு. அடுத்த வாரம் கீமோ. கையெழுத்தை நானே போடுகிறேன் என்கிறார் அண்ணன். டாக்டரோ அப்பாதான் போட வேண்டும் என்கிறார். நேற்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அல்சருக்கு எதுக்குடா முடி கொட்டும்ன்றாங்கோ?” என்று கேட்டார். கடைக்குப் போய் வருகிறேன் என்று நழுவிவிட்டேன்.
– பெயர் வேண்டாம், காசிமேடு

தம்பி, முடி கொட்டும் என்பதுவரை அப்பா காதுக்கு வந்துவிட்டது. மீதியும் வந்து சேரும். அண்ணன் எவ்வளவுதான் காவல் காத்தாலும் பக்கத்து பெட்காரர் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார். ஸ்கேன் ரூம் வாசலில் சீட்டை வாங்குகிற ஆள் சத்தமாகப் படிப்பார். கீமோ வார்டு வாசலில் பெரிய போர்டே இருக்கும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிற மனிதரிடம் அல்சர் கதை எத்தனை நாள் ஓடும்?

கையெழுத்து விஷயத்தில் டாக்டர் சொன்னதுதான் சரி. டெல்லியில் 1995-ல் நடந்த ஒன்று. 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மயக்கத்தில் படுத்திருந்தார். உள்ளே பார்த்த டாக்டர், வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ‘அம்மா சம்மதித்தாரே’ என்பது டாக்டர் தரப்பு வாதம். சமீரா கோலி வழக்கு என்று பெயர். 2008-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வயது வந்த, புத்தி தெளிவாக உள்ள ஒருவருக்காகப் பெற்ற தாய்கூடச் சம்மதம் தர முடியாது. உயிர் போகிற அவசரம் இல்லாவிட்டால் அவர் கண் விழிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்றது. என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் முதலில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. கிடைத்த நஷ்டஈடு வெறும் 25,000 ரூபாய். ஆனாலும் சம்மதம் பற்றி எந்தக் கோர்ட்டில் பேச்சு வந்தாலும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுக்கிறார்கள். அம்மாவுக்கே அந்த அதிகாரம் இல்லை என்றால் அண்ணனுக்கு ஏது?

சட்டத்தை விடுங்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கொத்தனார் வார்டில் இருந்தார். பிள்ளைகள் பகலில் வந்து, “அப்பா கிட்ட குடல் புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம், நீங்க ஏதும் சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்று கெஞ்சிவிட்டுப் போவார்கள். ராத்திரி டிரிப் மாற்றப் போனால் அவர் மெதுவாகச் சொல்வார்: “எனக்கு இன்னா வியாதின்னு தெரியும் சிஸ்டர். தெரிஞ்சிக்கினேன்னு பசங்க கிட்ட சொல்லிடாதீங்கோ. பாவம், கஷ்டப்பட்டு மறைக்குதுங்க.” இரண்டு பக்கமும் இப்படி அன்பாகவே நடித்து அவர் காலமும் முடிந்தது. காரியம் முடிந்த கையோடு அவர் மனைவி வார்டுக்கு வந்து, அவர் படுத்திருந்த பெட்டின் லாக்கரைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். நாத்தனார் சங்கிலியைக் கொத்தனார் வாங்கி அடகு வைத்திருக்கிறார். எந்தக் கடை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சீட்டு அங்கேயும் இல்லை. சாகப் போகிறோம் என்று தெரிந்த மனிதர் அடகுச் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் போனது ஏன்? சொன்னால் தனக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே!

உங்கள் அப்பாவுக்கு அடகுச் சீட்டு இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாளைக்கே கஞ்சிகூட இறங்கவில்லை என்றால், உணவுக்குழாய்க்குள் ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைப்பதா, வயிற்றில் ட்யூப் போடுவதா, கீமோவைத் தொடர்வதா என்ற கேள்விகள் வரும். அல்சர் என்று நம்பிக்கொண்டிருப்பவர் இதற்கெல்லாம் என்னவென்று பதில் சொல்வார்?

இதைப் படித்துவிட்டு அண்ணன் நேரே போய் முகத்துக்கு நேராகப் போட்டு உடைத்துவிடப் போகிறார், அதுவும் வேண்டாம். முதலில் கேளுங்கள்: “அப்பா, டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. டாக்டர் கிட்ட நீயே பேசறியா, நாங்க பேசிக்கட்டுமா?” சிலர், “நீங்களே பாத்துக்கங்கடா, எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்” என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான். டாக்டரிடம் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அவராக உங்கள் கையில் கொடுப்பது வேறு, நீங்களாகப் பிடுங்கிக்கொள்வது வேறு. தெரிய வேண்டும் என்றாரானால், காலையில் ஓ.பி. நெரிசலில் வேண்டாம். கூட்டம் குறைந்த பிறகு டாக்டரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். அப்பாவுக்கு நாற்காலி போடுங்கள். வியாதியின் பெயரைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்காதீர்கள். ‘ஒண்ணும் ஆகாதுப்பா’ என்று அண்ணன் உடனே ஆரம்பிப்பார். அவர் கையைப் பிடித்து அமர்த்துவது உங்கள் வேலை.

இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறேன். வயது 27. மூத்தவளுக்கு நாலு வயது. குழந்தை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள ஆசை. ‘வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் முடியாது’ என்று வார்டில் சொல்கிறார்கள். அவர் மாமியார் பேச்சைக் கேட்டு, ‘ஆம்பளப் புள்ள பொறக்கட்டும்’ என்கிறார்.
– வியாசர்பாடி வாசகி

முடியும் கண்ணு. மத்திய அரசின் கருத்தடை வழிகாட்டு விதிகளிலேயே கணவன் அல்லது மனைவியின் சம்மதம் தேவையில்லை என்று இருக்கிறது. கல்யாணமானவராக, 22 வயதுக்கு மேல் 49-க்குள், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது உள்ளவராக இருக்க வேண்டும்; இந்த எல்லாமே உங்களுக்கு இருக்கிறது. பிறகு ஒரு தகராறு வரக்கூடாது என்று முன்ஜாக்கிரதையாகப் புருஷன் கையெழுத்தைக் கேட்டுக் கேட்டு, வார்டுகளில் அது விதி மாதிரியே ஆகிவிட்டது. மறுபடி சொன்னால், ‘எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்ட மாட்டார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனிக்கும் டாக்டரான ஆர்.எம்.ஓ.வைப் போய்ப் பாருங்கள். வலி வந்த பிறகு அல்லாடாமல், இப்போதே உங்கள் விருப்பத்தைக் கேஸ் ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கும் ஒரு சேதி. ஆண்களுக்கான ஆபரேஷனில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. செய்துகொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு மனைவி கையெழுத்து கேட்டு நான் பார்த்ததில்லை.

ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வயது 74. என் மனைவியின் கடைசி மூன்று வாரம் தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூவில் போனது. வாயில் ட்யூப், கையைக் கட்டிலில் கட்டியிருந்தார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். எனக்கு அப்படி வேண்டாம். ஒரு மகன் பெங்களூரு, ஒருவன் துபாய். எழுதி வைத்தால் செல்லுமா?
– பெரம்பூர் வாசகர்

செல்லும் ஐயா. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்போது வைத்த நடைமுறையில் மாஜிஸ்திரேட் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை பேர் அதற்கு அலைவார்கள்? 2023 ஜனவரியில் இளக்கிவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் போதும். பாரிமுனையில் நோட்டரிக்கா பஞ்சம்?

என்ன எழுதுவது என்பதில்தான் நிதானம் வேண்டும். ‘எனக்கு வெண்டிலேட்டர் வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். நிமோனியாவில் நாலு நாள் வெண்டிலேட்டரில் இருந்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘பிழைத்தெழ வழியில்லை என்று டாக்டர்கள் உறுதி செய்த பிறகு, உயிரை இழுத்துப் பிடிக்க மட்டும் செய்யும் சிகிச்சை வேண்டாம்’ என்ற பொருளில் எழுதுங்கள். அதன் கீழே வெண்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது, மூக்கு ட்யூப் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். வலி மருந்து, வாய் ஈரப்படுத்துவது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் கடைசிவரை வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். உங்களுக்குப் பேச்சும் நினைவும் இருக்கும்வரை இந்தப் பேப்பருக்கு வேலையே இல்லை. வாயால் சொல்வதுதான் கணக்கு.

உங்கள் சார்பில் பேச ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பெயரைக் குறிப்பிடலாம். ஆஸ்பத்திரிக்கு ஓடிவரக்கூடியவர் பெயர் அதில் இருக்கட்டும். துபாய்க்காரர் மட்டும் போதாது. அவர்களுக்கும் குடும்ப டாக்டருக்கும் ஒரு நகல். மாநகராட்சியிலும் நகல் கொடுத்து வைக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. கவுன்ட்டரில், ‘இது என்ன பேப்பர்?’ என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள். தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

சமயம் வந்தால், வைத்தியம் பார்க்கும் டாக்டரும் அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு பார்க்கும். அதன் முடிவை இன்னொரு குழு சரிபார்க்கும். ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுவது நல்லது என்பது கோர்ட்டின் எதிர்பார்ப்பு. பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். ஊசி போட்டு முடித்துவிடுவது என்று யாரும் பயப்பட வேண்டாம். அதற்கு நம் நாட்டில் அனுமதி இல்லை.

இந்தச் சட்டப் பேச்சுக்கெல்லாம் வழி திறந்தது எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கதை. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக். 1973-ல் அங்கே வேலை பார்த்த ஒருவன் தாக்கியதில் நினைவிழந்து, 2015-ல் இறக்கும்வரை அதே ஆஸ்பத்திரியில் 42 வருடம் கிடந்தார். அவரை நிம்மதியாகச் சாக விடச் சொல்லி ஒருவர் போட்ட மனுவை அங்கிருந்த சிஸ்டர்கள் எதிர்த்தார்கள். 2011-ல் கோர்ட்டும் தள்ளுபடி செய்தது. அத்தனை வருடத்தில் ஒரு படுக்கைப் புண்கூட வராமல் பார்த்துக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்பது ஆளைப் புரட்டிப் போட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அருணாவுக்கு என்ன வேண்டியிருந்தது? அந்த வயதில் யார் எழுதி வைப்பார்கள்! இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று என்னால் இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த அவஸ்தை வேண்டாம். இருவரையும் வீடியோ காலில் உட்காரவைத்து, எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸில் ஓடுகிறது. எனக்குப் பொருந்துகிறது என்றார்கள். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். கொடுக்கப் பயமாக இருக்கிறது. அம்மா தினமும் போன் செய்து அழுகிறார். அண்ணி பேசுவதையே நிறுத்திவிட்டார். ‘கூடப் பிறந்தவளே கொடுக்கலேன்னா யார் கொடுப்பா?’ என்று தெருவில் பேசுகிறார்கள். நான் சுயநலக்காரியா சிஸ்டர்?
– திருவொற்றியூர் வாசகி

இல்லை. பயம் இருந்தும் கொடுப்பவர்கள் உண்டு. பயந்து கொடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே நல்ல மனுஷிகளாக இருக்க முடியும்.

நம் நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அம்மா கொடுப்பாள், பெண்டாட்டி கொடுப்பாள், தங்கை கொடுப்பாள். உங்கள் பக்கத்து எர்ணாவூர் சுனாமி நகரில், கடலுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கிட்னியையும் விற்றிருக்கிறார்கள் என்பது 2007-ல் பேப்பரில் வந்து நாடே பேசியது. அங்கே கடன் நெருக்கியது, இங்கே கண்ணீர் நெருக்குகிறது.

இது தெரிந்துதானோ என்னவோ, 2014-ஆம் வருட உறுப்பு மாற்று விதிகளில் ஒரு வரி இருக்கிறது: கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவளுடைய சொந்தச் சம்மதத்தை, வாங்குபவர் அல்லாத வேறொருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும். அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார். அம்மா, அண்ணி யாரும் இல்லாமல் அவரைப் பாருங்கள். ‘எனக்கு விருப்பமில்லை’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தியேட்டர் வாசல்வரை வந்த பிறகும் சொல்லலாம்.

‘மெடிக்கலாக இவர் ஒத்துவரமாட்டார்’ என்று டாக்டரே வீட்டாரிடம் சொல்லிவிடச் செய்வதும் உண்டு. அது பொய்தானே என்பீர்கள். காசிமேட்டுத் தம்பிக்குப் பொய் வேண்டாம் என்று எழுதிய அதே பேனாவால்தான் எழுதுகிறேன்: இந்தப் பொய்யை நான் ஆதரிக்கிறேன். அங்கே ஒருவர் உடம்பைப் பற்றி அவருக்கே சொல்லாமல் மறைக்கிறார்கள். இங்கே உங்கள் உடம்பைப் பற்றி ஊருக்கு என்ன தெரிய வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாத டாக்டர்களும் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்கு வரத் தயார்.

அண்ணனுக்கு வழி அடைந்துவிடவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிட்னி பெற அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். காத்திருப்பு நீளம்தான், அதற்காகவே இன்றைக்கே பதிய வேண்டும். அதுவரை முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் நடக்கும். பாதி நாள் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குத் துணையாகப் போய் உட்காருங்கள், மனம் இருந்தால்.

தம்பிக்கு டி.பி. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் (ஆடு அறுக்கும் கூடத்தில்) வேலை. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டான். இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டான். கேட்டால், ‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்கிறான். ஒரே ரூம் வீடு. என் குழந்தைக்கு மூன்று வயது. அவன் இஷ்டத்துக்கு விட வேண்டியதுதானா?
– புளியந்தோப்பு வாசகி

சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் அது அவன் இஷ்டம். ஒரே ரூமில், ஒரே காற்றில் மூன்று வயதுக் குழந்தை இருக்கும்போது டி.பி. மாத்திரையை அப்படி விட முடியாது. ஆறு மாத வைத்தியத்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகும். பிறகு வருவது இன்னும் கடுமையான மருந்துகள், இன்னும் நீண்ட காலம். குழந்தைக்கு ஒட்டினாலும் அதே கிருமிதான் ஒட்டும்.

அதற்காகக் கையைக் கட்டி மாத்திரையை வாயில் திணிக்க முடியாது. ஏன் நிறுத்தினான் என்று கேட்டீர்களா? சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து நிறுத்தினவர்கள் ஏராளம். மாத்திரையின் நிறம்தான் அது. வெறும் வயிற்றில் குமட்டியிருக்கலாம். விடியற்காலை வேலைக்குப் போகிறவனுக்கு டி.பி. சென்டர் நேரம் ஒத்துவராமல் இருக்கலாம். சாயங்காலம் ‘தண்ணி’ போடுகிறவனாக இருந்து, மாத்திரையும் சேர்ந்து கல்லீரல் கெட்டுவிடும் என்று யாராவது கிளப்பியிருக்கலாம். காரணத்துக்குத் தக்கபடிதான் வழி.

1956-ல் இதே சென்னையில் ஒரு டி.பி. ஆராய்ச்சி மையம் தொடங்கி, பாதி நோயாளிகளை சானடோரியத்திலும் (டி.பி. ஆஸ்பத்திரியிலும்) பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீடு என்றால் நம் மாதிரி நெருக்கடி வீடுதான். 1959-ல் முடிவு வந்தது: ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டில் இருந்தாலே போதும். நோயாளியை அடைத்து வைக்க வேண்டாம் என்று உலகத்துக்கே சொன்ன ஊர் இது. ஆனால் அந்த வீடுகளுக்கு ஆள் போய்ப் பார்த்தார்கள், மாத்திரையை எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாளைக்கே சென்டர் ஊழியரிடம் தகவல் சொல்லுங்கள்; அவர்கள் வீட்டுக்கு வந்து பேசுவார்கள். சளி டெஸ்ட் மறுபடி எடுக்க வேண்டும். குழந்தையையும் கூட்டிப் போங்கள். நோய் இல்லை என்று தெரிந்தால் வராமலிருக்க மாத்திரை தருவார்கள். சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் பேங்க் கணக்கில் வரும் என்பதையும் தம்பி காதில் போட்டு வையுங்கள். சில சமயம் அதுதான் வேலை செய்யும்.

அம்மாவுக்கு வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்க வேண்டும். இப்போது இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள். கேட்டாலே டாக்டர் கோபிக்கிறார்.
– தண்டையார்பேட்டை வாசகர்

கோபித்துக்கொள்ளட்டும். 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிப்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள். அம்மா கையெழுத்தோடு இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் வாங்கிக்கொண்ட தேதியும் நேரமும் போட்டுத் திருப்பி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்து அனுப்பிவிடப் பார்ப்பார்கள். மருந்துச் சார்ட், ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் சி.டி. எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜெராக்ஸ் காசு கேட்டால் கட்டிவிடுங்கள். அசல் வேண்டும் என்று மட்டும் மல்லுக்கு நிற்காதீர்கள், அதை அவர்கள்தான் வைத்திருக்க வேண்டும்.